மிடி கீபோர்டை வைத்து சீக்வென்சரின் ஸ்கேலை மாற்றுவது எப்படி?

கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், தவறாகப் புரிந்துகொண்டு பதில் எழுதக் கூடாது. உங்களிடம் 16 ஸ்டெப் ஹார்டுவேர் சீக்வென்சர், அதாவது பதிந்து வைத்த நோட்டுகளை வரிசையாகத் திரும்பத் திரும்ப வாசிக்கும் கருவி, ஒன்று இருக்கிறது, அதில் ஒரு பேட்டர்ன் ஓடுகிறது. 25 கட்டை மிடி (இசைக் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மொழி) கீபோர்டு ஒன்றை அதில் செருகியிருக்கிறீர்கள். கட்டையை அழுத்தினால் பேட்டர்ன் வேறு ஸ்கேலுக்கு, அதாவது வேறு சுர வரிசைக்கு, மாறும் என்று எதிர்பார்த்தீர்கள். ஆனால் பேட்டர்ன் அப்படியே மொத்தமாக மேலே நகர்கிறது, இரண்டு மூன்று நோட் அபஸ்வரமாக விழுகிறது. கீபோர்டிலேயே இருக்கும் ஸ்கேல் பட்டனைப் போட்டுப் பார்த்தும் ஒன்றும் மாறவில்லை. எந்த செட்டிங்கை விட்டுவிட்டேன் என்று கேட்கிறீர்கள். செட்டிங் இருக்கலாம், அதற்கும் வருகிறேன். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது இதுதான் என்று நினைக்கிறேன்: நான் அழுத்தும் கட்டையை சீக்வென்சர் என்னவென்று புரிந்துகொள்கிறது?

இதில் உறுதியான விஷயம் ஒன்று உண்டு. மிடி கேபிளில் ஸ்கேல் என்று எதுவும் போவதில்லை. கட்டையை அழுத்தினால் போவது மூன்று பைட்: இது நோட் ஆன், இன்ன சானல் என்பது ஒன்று, 0 முதல் 127 வரை ஒரு நோட் எண், எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள் என்ற வெலாசிட்டி. நடு சி என்றால் 60. அவ்வளவுதான். 1983ல் மிடி வந்ததிலிருந்து இந்தச் செய்தியின் வடிவம் மாறவில்லை. ஆகவே கீபோர்டு எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் "இனி டோரியன் என்ற ஸ்கேலில் வாசி" என்று ஒரு நோட் வழியாக அது சொல்லவே முடியாது. 62 என்று மட்டும்தான் சொல்லும். அந்த 62ஐ வைத்து என்ன செய்வது என்று முடிவு செய்வது சீக்வென்சர். உங்கள் கீபோர்டில் இருக்கும் ஸ்கேல் பட்டன் வேலை செய்யாததும் இதனால்தான்: அது உங்கள் விரல் தவறான கட்டையில் பட்டாலும் சரியான எண் வெளியே போகும்படி பார்த்துக்கொள்கிறது, சீக்வென்சருக்குள் ஏற்கெனவே இருக்கும் பேட்டர்னை அது தொடவே தொடாது.

அப்படி வந்த 62ஐ சீக்வென்சர் மூன்று விதமாக எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, டிரான்ஸ்போஸ்: 60க்கும் 62க்கும் வித்தியாசம் 2, ஆகவே எல்லா நோட்டையும் 2 செமிடோன் (கறுப்பையும் சேர்த்து ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கு உள்ள தூரம் ஒரு செமிடோன்) ஏற்று. இரண்டு, ரூட் மாற்றம்: ஸ்கேலின் வகை மேஜராகவே இருக்கட்டும், ஆனால் ஆதாரம் இனி டி. மூன்று, ஸ்கேலையே மாற்றுவது: இப்போது அழுத்திப் பிடித்திருக்கும் கட்டைகள்தான் அனுமதிக்கப்பட்ட நோட்டுகள், பேட்டர்னில் வேறு எது வந்தாலும் பக்கத்தில் இருக்கும் அனுமதிக்கப்பட்ட நோட்டுக்குத் தள்ளு. பெரும்பாலான சீக்வென்சர்கள் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் செய்வது முதலாவது. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது அல்லது மூன்றாவது.

ஒரு சின்ன பேட்டர்னை எடுத்துப் பார்ப்போம். சி, இ, ஜி, பி, அதாவது 60, 64, 67, 71. நீங்கள் டி கட்டையை அழுத்துகிறீர்கள். டிரான்ஸ்போஸ் என்றால் வெளியே வருவது 62, 66, 69, 73, அதாவது டி, எஃப் ஷார்ப், ஏ, சி ஷார்ப். தனியாகக் கேட்டால் அழகான டி மேஜர் செவன்த்தான். ஆனால் பின்னால் பேஸும் பேடும் (நீண்டு ஒலிக்கும் பின்னணி ஒலி) சி மேஜரில் நின்றுகொண்டிருந்தால் அந்த எஃப் ஷார்ப்பும் சி ஷார்ப்பும் காதைக் குத்தும். நீங்கள் சொல்கிற அபஸ்வரம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். இப்போது டிரான்ஸ்போஸுக்குப் பிறகு சி மேஜர் குவாண்டைசர், அதாவது ஸ்கேலில் இல்லாத நோட்டைப் பக்கத்து நோட்டுக்குத் தள்ளும் வடிகட்டி, ஒன்றை வைத்தால் 66ம் 73ம் சி மேஜரில் இல்லாதவை என்பதால் பக்கத்துக்குத் தள்ளப்படும். கீழே தள்ளினால் 62, 65, 69, 72: டி, எஃப், ஏ, சி. டி மைனர் செவன்த், சி மேஜருக்குள் கச்சிதமாக உட்கார்கிறது. மேலே தள்ளினால் 62, 67, 69, 74: டி, ஜி, ஏ, மேல் டி. இது வேறு பாட்டு. அதே குவாண்டைசரை டிரான்ஸ்போஸுக்கு முன்னால் வைத்தால் எதுவுமே தள்ளப்படாது, பழைய டி மேஜர்தான் வரும்.

ஆகவே மெனுவில் ஸ்கேல் ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது, அது எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். என் கருத்தில், நேரடியாக மேடையில் வாசிப்பவருக்கு ஸ்கேல் கடைசியில்தான் இருக்க வேண்டும். டிரான்ஸ்போஸ், ரேண்டம், ஆர்ப்பெஜியேட்டர் (பிடித்த நோட்டுகளை ஒவ்வொன்றாக வாசிப்பது) என்று முன்னால் என்ன விளையாட்டு நடந்தாலும் வாசலில் அது நின்று வடிகட்டிவிடும். பாட்டின் நடுவில் கீ (ஆதார சுரம்) மாற வேண்டும் என்றால் மட்டும் டிரான்ஸ்போஸ் கடைசியில் இருப்பது நல்லது. எந்தப் பக்கம் தள்ளுவது என்பதும் சின்ன விஷயம் இல்லை. மேஜர் ஸ்கேலில் இல்லாத ஐந்து நோட்டுமே இரண்டு பக்கமும் சரியாக ஒரு செமிடோன் தூரத்தில் அனுமதிக்கப்பட்ட நோட்டுகளை வைத்திருக்கின்றன. "பக்கத்து நோட்" என்று மேனுவல் சொன்னால் மேஜரைப் பொறுத்தவரை அது ஒன்றும் சொல்லவில்லை என்று அர்த்தம், சமமாக வரும்போது மேலா கீழா என்பதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி மூன்றாவது வகை, பிடித்திருக்கும் கார்டே (ஒன்றாக அழுத்தும் நோட்டுகள்) ஸ்கேல் ஆவது. எனக்கு மிகவும் பிடித்த முறை இது, நன்றாக அமைந்தால் சீக்வென்சரோடு பேசுவது மாதிரியே இருக்கும். உள்ளே நடப்பது எளிது: ஒவ்வொரு நோட் எண்ணையும் 12ஆல் வகுத்து மீதியை எடுத்து, 12 இடங்கள் உள்ள ஒரு பட்டியலில் அந்த இடத்தை ஆன் செய்கிறது. சி, இ, ஜி பிடித்தால் 0, 4, 7 ஆன். சிக்கல் வருவது கையை எடுக்கும்போது. 12 இடமும் காலி என்றால் சீக்வென்சர் என்ன செய்ய வேண்டும்? சில கருவிகள் ஊமையாகிவிடும், சில வடிகட்டாமல் எல்லாவற்றையும் விட்டுவிடும், சில கடைசியாகப் பிடித்த கார்டையே வைத்துக்கொள்ளும். உங்களுக்கு வேண்டியது கடைசி வகை, அதற்கு லாட்ச் அல்லது ஹோல்டு என்று பெயர் இருக்கும். லாட்சிலும் ஒன்றைக் கவனியுங்கள்: எல்லா விரலையும் எடுத்துவிட்டு அழுத்தும் முதல் கட்டையில்தான் புதிய பட்டியல் தொடங்க வேண்டும். ஒரு விரலை விட்டுவைத்து அடுத்த கார்டுக்கு வழுக்கிப் போகும் பழக்கம் பியானோ வாசிப்பவர்களுக்கு உண்டு, அப்படிப் போனால் பழைய நோட்டுகளும் பட்டியலில் தங்கிவிடும், ஸ்கேல் கொழகொழவென்று ஆகிவிடும்.

நேரமும் இதில் விளையாடும். ஐந்து முள் மிடி கேபிளின் வேகம் நொடிக்கு 31250 பிட், ஒரு பைட்டுக்கு 10 பிட் ஆகிறது, ஆகவே ஒரு நோட் ஆன் போய்ச்சேர ஏறக்குறைய 1 மில்லிசெகண்ட். ஐந்து நோட் கார்டு ஒன்று 5 மில்லிசெகண்டில் போய்விடும், அது பிரச்சினையே இல்லை. பிரச்சினை விரல்கள். நாம் ஒன்றாக அழுத்தியதாக நினைப்பது உண்மையில் ஒன்றன் பின் ஒன்றாகத்தான் விழுகிறது. 120 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 120 தட்டு) ஒரு பதினாறாம் ஸ்டெப், அதாவது கால் தட்டு, 125 மில்லிசெகண்ட். இரண்டு விரல் மட்டும் விழுந்திருக்கும் அந்த நொடிப்பொழுதில் ஒரு ஸ்டெப் வந்துவிட்டால் அரைகுறை ஸ்கேலில் ஒரு நோட் ஒலித்துவிடும். சில சீக்வென்சர்களில் மாற்றத்தை அடுத்த பாருக்கோ (தாளச் சுற்று) பேட்டர்னின் தொடக்கத்துக்கோ தள்ளிவைக்கும் வசதி இருக்கும், இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதைப் போடுங்கள். இல்லையென்றால் பாரின் கடைசி ஸ்டெப்பை காலியாக விட்டு அந்த இடைவெளியில் கார்டை மாற்றப் பழகுங்கள்.

குவாண்டைஸ் செய்வதால் மெலடி தட்டையாகிப் போவதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. உங்கள் பேட்டர்னில் இ, எஃப், இ, எஃப் என்று ஒரு சின்ன அசைவு இருக்கிறது, நீங்கள் சி, டி, இ, ஜி, ஏ என்ற ஐந்து சுர ஸ்கேலுக்கு மாற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எஃப்புக்கு இ ஒரு செமிடோன் தூரம், ஜி இரண்டு. ஆகவே எஃப் போய் இயில் விழும். கேட்பது இ, இ, இ, இ. அசைவே செத்துவிட்டது. வடிகட்டும் முறையின் இயல்பே இதுதான். இதற்கு மாற்று, ஸ்டெப்பில் நோட் எண்ணை வைக்காமல் "ஸ்கேலின் மூன்றாவது சுரம், நான்காவது சுரம்" என்று வரிசை எண்ணை வைக்கும் சீக்வென்சர்கள். அவற்றில் 3, 4, 3, 4 என்பது ஐந்து சுர ஸ்கேலில் இ, ஜி, இ, ஜி என்று உயிரோடு வரும். ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு: ஏழு சுர ஸ்கேலில் 8வது சுரம்தான் மேல் சி, ஐந்து சுர ஸ்கேலில் 6வதே மேல் சி. ஆகவே ஸ்கேலைச் சுருக்கினால் மெலடி மேலே ஏறிப் பரவும். பேஸ் லைனுக்கு வடிகட்டும் முறை, மெலடிக்கு வரிசை எண் முறை என்பது என் பழக்கம்.

மெனுவில் வரும் தயார் ஸ்கேல்கள் போதாது என்று தோன்றினால் யூசர் ஸ்கேல் இருக்கிறதா பாருங்கள், கீபோர்டின் உண்மையான பயன் அங்கேதான். சி, டி ஃப்ளாட், இ, எஃப், ஜி, ஏ ஃப்ளாட், பி என்று ஏழு கட்டையை அழுத்திக் கொடுத்தால் மாயாமாளவகௌளை ரெடி. மோகனம் மேலே சொன்ன அதே ஐந்து சுரம். ஆனால் 12 இடப் பட்டியலுக்கு ஏறுவதும் இறங்குவதும் தெரியாது. ஆபேரி ஏறும்போது ஐந்து சுரம், இறங்கும்போது ஏழு, அதை ஒரே பட்டியலில் அடைக்கவே முடியாது. மேற்கத்திய மெலடிக் மைனருக்கும் இதே கதிதான். இரண்டு ஸ்கேல் சேமித்து, ஏற்றத்தில் ஒரு கட்டை, இறக்கத்தில் ஒரு கட்டை என்று நீங்களே மாற்ற வேண்டியதுதான். கமகம் இதில் வரவே வராது, அது பிட்ச் பெண்டின் வேலை.

சரி, செட்டிங்குக்கு வருகிறேன். கீபோர்டைத் தனி சானலில் வையுங்கள், பேட்டர்ன் எதுவும் பயன்படுத்தாத 16 மாதிரி ஒன்றில். சீக்வென்சரில் டிரான்ஸ்போஸ் சானல், கன்ட்ரோல் சானல் என்ற மாதிரி ஒன்று இருக்கும், அதையும் 16 ஆக்குங்கள். மிடி த்ரூவை (உள்ளே வரும் நோட்டை அப்படியே வெளியே அனுப்பும் வசதி) நிறுத்துங்கள், இல்லையென்றால் ஸ்கேலை மாற்ற அழுத்தும் கட்டைகளும் சேர்ந்து ஒலிக்கும். ரெக்கார்ட் ஆன் ஆகியிருந்தால் அவை பேட்டர்னுக்குள்ளேயே பதிந்துவிடும், அதையும் பாருங்கள். கீபோர்டின் சொந்த ஆர்ப்பெஜியேட்டர், ஸ்கேல், கார்டு வசதிகள் அத்தனையும் ஆஃப். ஆக்டேவ் பட்டனைத் தெரியாமல் தட்டியிருந்தால் டிரான்ஸ்போஸ் முறையில் பேட்டர்ன் 12 செமிடோன் தள்ளிப்போகும், ஆனால் பிடித்த கார்டே ஸ்கேல் என்ற முறையில் ஒன்றும் ஆகாது, ஏனென்றால் 12ஆல் வகுத்த மீதி மாறாது. கேபிள் பக்கம் இரண்டே விஷயம்: கீபோர்டில் யூஎஸ்பி மட்டும் இருந்து, சீக்வென்சரின் யூஎஸ்பியும் கணினியோடு இணைவதற்கானதாக இருந்தால் அவை இரண்டும் நேராகப் பேசிக்கொள்ளாது, நடுவில் யூஎஸ்பி ஹோஸ்ட் பெட்டி ஒன்று வேண்டும். 3.5 மில்லிமீட்டர் ஜாக் என்றால் ஏ வகை, பி வகை என்று இரண்டு உண்டு, 2018ல் ஏ வகையைத் தரமாக்கினார்கள், பழைய கருவிகளில் பி வகையும் இருக்கிறது. உங்களுக்கு டிரான்ஸ்போஸ் ஆகிறது என்பதால் கேபிள் சரியாகத்தான் இருக்கிறது.

நோட் தொங்கிப்போவதற்கும் தயாராக இருங்கள். 64 ஒலித்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் ஸ்கேலை மாற்றுகிறீர்கள், இனி அந்த ஸ்டெப் 63. சீக்வென்சர் நோட் ஆஃபையும் புதிய ஸ்கேலில் கணக்கிட்டு 63க்கு அனுப்பினால் 64 அணையாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். ஒழுங்காக எழுதப்பட்ட கருவி எந்த எண்ணை ஆன் செய்தோம் என்று நினைவில் வைத்து அதையே ஆஃப் செய்யும். உங்கள் கருவி அப்படிச் செய்யவில்லை என்றால் கேட் நீளத்தை, அதாவது ஒவ்வொரு நோட்டும் ஒலிக்கும் நேரத்தை, குறையுங்கள், டை போட்ட (அடுத்த ஸ்டெப்போடு இணைத்த) ஸ்டெப்களில் ஸ்கேல் மாற்றாதீர்கள், அவசரத்துக்கு கன்ட்ரோல் சேஞ்ச் 123, அதாவது ஆல் நோட்ஸ் ஆஃப், ஒரு பட்டனில் இருக்கட்டும்.

டிரம் டிராக்கை ஸ்கேலிலிருந்து விலக்கி வைக்க மறக்காதீர்கள். ஜெனரல் மிடி அமைப்பில் கிக் 36, ஸ்நேர் 38, மூடிய ஹைஹாட் 42. சி மேஜர் வடிகட்டியில் 36ம் 38ம் தப்பித்துவிடும், 42 எஃப் ஷார்ப் என்பதால் 41 அல்லது 43க்குப் போகும், இரண்டுமே ஃப்ளோர் டாம். ஹைஹாட் வர வேண்டிய இடமெல்லாம் திடீரென்று தடதடவென்று டாம் கேட்டால் காரணம் இதுதான்.

உங்கள் மாடல் எது என்று கேள்வியில் இல்லை, ஆகவே எந்த மெனு, எந்த பட்டன் என்று என்னால் சொல்ல முடியாது. ஆர்டூரியாவின் பீட்ஸ்டெப் ப்ரோ சீக்வென்சரில் தயார் ஸ்கேல்களோடு ஒரு யூசர் ஸ்கேலும் இருக்கிறது. சிர்க்லான் என்ற சீக்வென்சரில் இந்த வசதிக்கு ஃபோர்ஸ் டு ஸ்கேல் என்றே பெயர். இப்படி ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருப்பதால் மேனுவலில் டிரான்ஸ்போஸ், ஃபோர்ஸ், குவாண்டைஸ், ரூட், கீ என்று எல்லாச் சொல்லையும் போட்டுத் தேடுங்கள். ஃபர்ம்வேர் (கருவியின் உள் மென்பொருள்) மாறினால் நடத்தையும் மாறலாம், ஆகவே யாராவது பழைய வீடியோவில் செய்து காட்டியது உங்களிடம் அப்படியே நடக்காமல் போகலாம்.

மேனுவலை விட நம்பகமான வழி ஒரு சோதனை. 12 ஸ்டெப் பேட்டர்னில் 60 முதல் 71 வரை வரிசையாக எல்லா நோட்டையும் போடுங்கள். சீக்வென்சரின் அவுட்டை மிடி மானிட்டர் (போகும் நோட் எண்களைக் காட்டும் மென்பொருள்) ஒன்றில் பாருங்கள், கணினியில் இலவசமாகவே கிடைக்கும். இப்போது கீபோர்டில் சி, இ, ஜி பிடியுங்கள். எல்லா எண்ணும் ஒரே அளவு ஏறினால் உங்கள் கருவி டிரான்ஸ்போஸ் மட்டும்தான் செய்கிறது. 60, 64, 67 மட்டும், அல்லது அவற்றோடு 72ம் வந்தால் பிடித்த கார்டே ஸ்கேல் ஆகிவிட்டது, மகிழுங்கள். அப்போது மூன்றாவது ஸ்டெப்பைப் பாருங்கள்: 62 என்பது 60க்கும் 64க்கும் சரியான நடு, அது எங்கே போகிறதோ அதுதான் சமநிலையில் உங்கள் கருவி எடுக்கும் முடிவு. நான்காவது ஸ்டெப் 63, பக்கத்தில் இருப்பது 64, ஆனாலும் 60 வந்தால் அது எப்போதும் கீழேயே தள்ளும் கருவி. கடைசி ஸ்டெப் 71, கீழே தள்ளாத கருவியில் அது 72 ஆக வேண்டும். 67க்கு இறங்கினால் ஆக்டேவ் எல்லையைத் தாண்டத் தெரியாத குவாண்டைசர் அது, மெலடியில் பி வரும் இடமெல்லாம் பள்ளத்தில் விழும். பிறகு கையை எடுங்கள், காலிப் பட்டியலில் என்ன ஆகிறது என்பதும் தெரிந்துவிடும்.

டிரான்ஸ்போஸ் மட்டும்தான் என்று தெரிந்தால் சீக்வென்சரை மாற்ற ஓடாதீர்கள். சீக்வென்சருக்கும் சிந்தசைசருக்கும் நடுவில் மிடிஹப் மாதிரி ஒரு மிடி பிராசசரை வைத்து ஸ்கேல் வேலையை அதனிடம் கொடுக்கலாம், கீபோர்டும் அதிலேயே செருகப்படும். மிடிக்குப் பதில் கன்ட்ரோல் வோல்டேஜில் (மின்னழுத்தத்தில்) ஓடும் மாடுலர் அமைப்பு என்றால் குவாண்டைசர் மாட்யூல் ஒன்று இதே வேலையைச் செய்யும். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம் என்றால் பேட்டர்னை நான்கைந்து இடங்களில் காப்பி செய்து ஒவ்வொன்றையும் கையால் வேறு ஸ்கேலில் திருத்தி வைத்து, கீபோர்டில் தட்டுவதற்கு இருக்கும் பேடிலிருந்து புரோகிராம் சேஞ்ச் (எந்த எண் பேட்டர்ன் என்று சொல்லும் மிடி செய்தி) அனுப்பி மாற்றுங்கள். ரெடியாக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், ஆனால் எந்த நோட் எங்கே போக வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்திருப்பீர்கள், பல கருவிகளில் மாற்றமும் பேட்டர்ன் முடிவில்தான் நடக்கும் என்பதால் அரைகுறை ஸ்கேல் தொல்லையும் இல்லை. புரோகிராம் எண் கேபிளில் 0லிருந்து தொடங்கும், பல கருவிகளின் திரையில் 1லிருந்து தொடங்கும், ஆகவே 5ஐ அனுப்பி 6வது பேட்டர்ன் வந்தால் கருவியில் கோளாறு என்று நினைக்காமல் ஒன்றைக் குறைத்து அனுப்பிப் பாருங்கள்.